வியப்பின் மகள், வானவில்!

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். மாலை ஐந்து மணி இருக்கும். பகல் முழுவதும் அடித்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கிழக்கே இன்னும் கறுத்த மேகம். மேற்கே பளிச்சென்று வெயில்.

எங்கள் தெருவுக்கு மேலே வானவில் தோன்றியது. ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை முழு வில்!

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஏழு வயது. திண்ணையில் இருந்து குதித்து ஓடி வந்தான். "அதோ, அதோ!" என்று கையை நீட்டினான்.

"விரலை நீட்டாதேடா கண்ணு! விரல் அழுகிப் போகும்" என்றார் பாட்டி.

அவன் விரலை மடக்கிக் கொண்டான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பா, அது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தார். வேலைக்குப் போய் வந்த களைப்பு. "அதெல்லாம் உன் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஏழு நிறம் என்னென்ன, சொல் பார்க்கலாம்" என்றார்.

சிறுவன் ஐந்து நிறங்களைச் சொன்னான். மற்ற இரண்டும் நினைவுக்கு வரவில்லை. தலையைக் குனிந்து கொண்டான். அதற்குப் பிறகு அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை.

பாட்டி கெட்டவர் அல்ல. அப்பாவும் கெட்டவர் அல்ல. இருவரும் பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்துவிட்டார்கள். ஒருவர் அவன் விரலை மடக்கினார். மற்றவர் அவன் கேள்வியை மடக்கினார்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எத்தனை நாடு, எத்தனை பெயர்!

மழை விட்டதும் வானத்தில் நிற வளைவு தோன்றுகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் அதைப் பார்க்கிறார்கள். பார்த்த எல்லோரும் அந்தச் சிறுவன் கேட்டதையே கேட்டார்கள்: "இது என்ன? எங்கேயிருந்து வந்தது?"

அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்தான் பெயர்!

நாம் "வானவில்" என்கிறோம். வானத்தில் உள்ள வில். "இந்திரவில்", "திருவில்" என்றும் தமிழில் பெயர்கள் உண்டு.

மலையாளத்தில் "மழவில்லு". மழையின் வில். இங்கிலீஷ்காரர்களின் "ரெயின்போ"வும், ஜெர்மானியர்களின் "ரேகன்போகன்" என்ற சொல்லும் இதே பொருள்தான். கேரளத்துக்கும் ஜெர்மனிக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் பெயர் ஒன்றாக இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வைத்த பெயர் அல்ல. இரு நாட்டாரும் ஒரே மழையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

வில் என்றால், அது யாருடைய வில்? வடமொழியிலும் இந்தியிலும் அது இந்திரனுடைய வில். வங்காளத்தில் "ராமதனு", அதாவது ராமனுடைய வில். கன்னடத்தில் "காமனபில்லு", மன்மதனுடைய வில். அரபு மொழியில் "கவ்ஸ் குஸஹ்", அதாவது குஸஹ் என்பவருடைய வில். இஸ்லாம் தோன்றுவதற்கு முன் அரபு நாட்டார் வணங்கிய ஒரு தெய்வத்தின் பெயர் அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் வில்லாகவே தோன்றியதா? இல்லை!

துருக்கியர்கள் அதை "வானத்தின் இடைக்கச்சை" என்று சொல்கிறார்கள். பஞ்சாபியர் "ஸத்ரங்கீ பீங்" என்கிறார்கள். ஏழு நிற ஊஞ்சல் என்று அர்த்தம்! இத்தாலியர் "ஆர்க்கோபலேனோ" என்கிறார்கள். மின்னலின் வளைவு என்று பொருள் கொள்ளலாம்.

சீனர்களின் எழுத்தைப் பாருங்கள். வானவில்லைக் குறிக்கும் சீன எழுத்தில் ஒரு பாதி, பூச்சி, பாம்பு ஆகியவற்றின் பெயர்களில் வருகிற குறி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எலும்புகளின் மேல் கீறி எழுதிய பழைய சீன எழுத்தில், வானவில் இரண்டு தலை கொண்ட பிராணியாக வளைந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களும் வானவில்லை ஒரு பெரிய பாம்பாகவே கண்டார்கள்.

வடக்கு ஐரோப்பாவில் குளிர் நாட்டு மக்கள், அதைத் தேவர்கள் நடந்து போகும் பாலம் என்றார்கள். அந்தப் பாலத்தில் சிவப்பாகத் தெரிவது நெருப்பு. ராட்சதர்கள் ஏறிவிடாமல் தடுக்கும் நெருப்பு என்பது அவர்கள் கதை.

ஊஞ்சல், கச்சை, பாம்பு, பாலம், வில்! பார்த்தது ஒன்று. பெயர்கள் எத்தனை! ஊஞ்சல் என்று பெயர் வைத்தவர், மழைக் காலத்தில் மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடியவர். பாலம் என்று சொன்னவர், மேலே ஏறிப் போக ஆசைப்பட்டவர். பெயரைக் கேட்டாலே ஆளைத் தெரிந்து கொள்ளலாம்.

கிரேக்க நாட்டு ஐரிஸ்

இத்தனை பெயர்களிலும் எனக்குப் பிடித்த பெயர் ஒன்று உண்டு. அது கிரேக்க நாட்டுப் பெயர்: ஐரிஸ்.

பண்டைக் கிரேக்கர்களுக்கு "ஐரிஸ்" என்றால் வானவில். அதே ஐரிஸ் ஒரு தேவதையும் ஆவாள். தங்கச் சிறகு உடையவள். காற்றைப் போல் ஓடுகிறவள். தேவர்களின் செய்தியை எடுத்துக் கொண்டு, நிலத்துக்கும் கடலுக்கும் பாதாளத்துக்கும் போய் வருகிறவள்.

அவளுடைய குடும்பத்தைப் பாருங்கள். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹெசியோட் என்ற கவிஞர் அந்த வம்சத்தை எழுதி வைத்திருக்கிறார்.

ஐரிஸின் அம்மா, சமுத்திர ராஜனின் மகள். அப்பாவைப் பெற்றவர்கள் கடலும் பூமியும். கூடப் பிறந்தவர்கள் ஹார்ப்பிகள். புயல் காற்றைப் போல் வந்து பிடுங்கிக் கொண்டு போகிறவர்கள். கடல், பூமி, புயல், வானவில். எல்லாம் ஒரே குடும்பம்! தண்ணீர் இல்லாமல் வானவில் இல்லை என்பதை அந்தக் காலத்து மக்கள் கண்ணால் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்கள்.

சரி, அப்பாவின் பெயர் என்ன? தௌமாஸ். அந்தச் சொல்லிலேயே "வியப்பு" என்ற பொருள் இருக்கிறது. அதாவது, வானவில் வியப்பின் மகள்!

எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்.

தகப்பனிடம் போன தூது

ஹோமர் பாடிய "இலியட்" காவியத்தில் ஐரிஸ் பல முறை தூது போகிறாள். அவற்றில் ஒன்று கல் நெஞ்சையும் கரைக்கும்.

டிராய் நகரத்தின் அரசர் பிரயாம். வயது முதிர்ந்தவர். அவருடைய அருமை மகன் ஹெக்டரைப் போரில் அக்கிலீஸ் கொன்றுவிட்டான். கொன்றதோடு நிற்கவில்லை. உடலையும் கொடுக்க மறுத்துவிட்டான். கிழவர் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக் கொண்டு அழுகிறார்.

அப்போது ஐரிஸ் வருகிறாள். மெல்லிய குரலில் பேசுகிறாள். "பயப்படாதே. அக்கிலீஸிடம் போ. காணிக்கை கொடுத்து மகனின் உடலைக் கேள்" என்பது அவள் கொண்டு வந்த செய்தியின் சாரம். கிழவர் எழுந்து போகிறார். மகனின் உடல் கிடைக்கிறது.

புயலுக்குப் பின் வானவில் வருவது போல், அழுகைக்கு நடுவில் ஐரிஸ் வந்தாள்.

ஆனால் அதே காவியத்தில் இன்னோர் இடத்தில், வானவில் போருக்கும் கடும் புயலுக்கும் அறிகுறியாகச் சொல்லப்படுகிறது. யூதர்களின் வேதத்திலோ, பெருவெள்ளம் வடிந்த பிறகு, "இனி உலகை வெள்ளத்தால் அழிக்க மாட்டேன்" என்று கடவுள் நோவாவுக்குக் கொடுத்த வாக்கின் அடையாளமாக வானவில் நிற்கிறது. ஓர் இடத்தில் போர் அறிகுறி. ஓர் இடத்தில் சமாதான அடையாளம். வானவில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது மனிதன்.

ஐரிஸை நாம் மறக்கவும் இல்லை. ஸ்பெயின் நாட்டாரும் போர்த்துக்கீசியரும் இன்றைக்கும் வானவில்லை "ஐரிஸின் வளைவு" என்றே சொல்கிறார்கள். 1803-ல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற விஞ்ஞானி ஒரு புது உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் பல நிறங்களில் இருந்தன. ஆகவே "இரிடியம்" என்று ஐரிஸின் பெயரை வைத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆதார் பதிவுக்குப் போனபோது, ஒரு கருவியில் கண்களைக் காட்டச் சொன்னார்கள் அல்லவா? கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தை அது படம் பிடித்தது. அந்த வளையத்தின் பெயரும் "ஐரிஸ்"தான்! ஒவ்வொருவர் கண்ணிலும் அந்தத் தேவதையின் பெயர் இருக்கிறது.

கிரேக்கரே கேட்ட கேள்வி

கிரேக்கர்கள் எல்லோரும் கதையை அப்படியே நம்பிக் கொண்டு இருந்தார்களா? இல்லை.

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் செனோபேனிஸ் என்ற அறிஞர் இருந்தார். "ஐரிஸ் என்று நீங்கள் சொல்வதும் ஒரு மேகம்தான்" என்று அவர் துணிந்து சொன்னார். அரிஸ்டாட்டில் என்ற பேரறிஞர் சூரியனையும், மேகத்தையும், பார்க்கிறவர் நிற்கும் இடத்தையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தார்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அவருடைய நூல் ஒன்றில், தீயடிட்டஸ் என்ற இளைஞன் சாக்ரட்டீஸிடம் பேசுகிறான். "இதையெல்லாம் நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது; தலையே சுற்றுகிறது" என்கிறான்.

சாக்ரட்டீஸ் அவனைத் திட்டவில்லை. "ஏழு நிறத்தைச் சொல்" என்று பரீட்சை வைக்கவும் இல்லை. மெய்யறிவு வியப்பில்தான் பிறக்கிறது என்கிறார். ஐரிஸை வியப்பின் மகள் என்று சொன்னவர், வம்சம் தெரியாதவர் அல்ல என்றும் சொல்கிறார்.

ஆசிரியர் என்றால் அவர் அல்லவா ஆசிரியர்!

கண்ணாடி உருண்டையில் கிடைத்த விடை

அந்த வியப்பு வீண் போகவில்லை. அதைப் பிடித்துக் கொண்டே மனிதன் விடை வரை போனான்.

1300-ஆம் ஆண்டை ஒட்டி, பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் பாரிஸி என்பவர் இருந்தார். ஜெர்மனியில் தியடோரிக் என்ற பாதிரியார் இருந்தார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் இருவரும் ஒரே சோதனையைச் செய்தார்கள். கண்ணாடி உருண்டை ஒன்றில் தண்ணீரை நிரப்பி, அதைப் பெரிய மழைத்துளியாக வைத்துக் கொண்டு, அதில் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். வெளிச்சம் துளிக்குள் நுழையும்போது வளைகிறது. துளியின் பின் சுவரில் மோதித் திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் வேறு அளவில் வளைவதால் நிறங்கள் பிரிகின்றன என்பதைப் பிற்காலத்தில் நியூட்டன் காட்டினார்.

1637-ல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்து சுமார் 42 டிகிரி தள்ளித்தான் வானவில் தெரியும். ஆகவே, சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வானத்தில் வில் இருக்காது. நம் ஊரில் உச்சிப் பொழுதில் நீங்கள் வானவில் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் இதுதான். காலையில் மேற்கே தெரியும். மாலையில் கிழக்கே தெரியும்.

இன்னொரு அதிசயம்! நீங்கள் பார்க்கும் வானவில் வேறு. உங்கள் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு. ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறு வேறு துளிகளில் இருந்து வெளிச்சம் வருகிறது. அவரவர் வானவில் அவரவருக்குச் சொந்தம்!

ஏழா, மூன்றா?

ஏழு நிறம் சொல்லத் தெரியாமல் தலை குனிந்தானே, அந்தச் சிறுவன். அவனுக்கு ஒரு நல்ல செய்தி.

அரிஸ்டாட்டில் வானவில்லில் எண்ணிய முக்கிய நிறங்கள் மூன்றே மூன்று! நியூட்டன் தொடக்கத்தில் ஐந்து நிறம் என்றே எண்ணினார். இசையில் ஏழு சுரங்கள் இருப்பது போல் நிறமும் ஏழாக இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று பிறகு எண்ணினார். ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். 1704-ல் அவர் வெளியிட்ட நூலில் ஏழு நிறம் நிலைபெற்றது.

உண்மையில் நிறங்களுக்கு நடுவே கோடு கிடையாது. ஒன்று மற்றொன்றில் கரைந்து போகிறது. எண்ணுகிறவர் எண்ணுவதே கணக்கு. ஐந்து என்று சொன்ன சிறுவன், நியூட்டன் முதலில் நின்ற இடத்தில்தான் நின்றான்!

ஏழு நிறத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் வானவில் வானத்தில் நிற்கும்போது, பிள்ளையைப் பார்த்து, "உன் கண்ணுக்கு எத்தனை தெரிகிறது?" என்று கேளுங்கள். மனப்பாடம் நாளைக்குச் செய்யலாம். வானவில் நாளைக்கு இருக்காது.

கதை பொய்தானே?

"தேவதைக் கதை சொன்னால் பிள்ளைகள் கெட்டுப் போக மாட்டார்களா? விஞ்ஞானக் காலத்தில் ஐரிஸ் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

என் பதில் இது. கதையைக் கதையாகச் சொன்னால் யாரும் கெட்டுப் போக மாட்டார்கள். "இந்தக் காலத்துக்கு முன் மனிதர்கள் இப்படி நினைத்தார்கள்" என்று சொல்லுங்கள். அடுத்து, "பிறகு இப்படிக் கண்டுபிடித்தார்கள்" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே கேள்விக்குக் கிடைத்த இரண்டு பதில்கள். முதல் பதில் இல்லாவிட்டால் இரண்டாவது பதில் வந்திருக்காது.

கெடுதல் செய்வது கதை அல்ல. பயமுறுத்தல்! கதை பிள்ளையை வானத்தைப் பார்க்க வைக்கிறது. பயமுறுத்தல் தரையைப் பார்க்க வைக்கிறது.

விரல் நீட்டக் கூடாது என்பது நம் பாட்டி மட்டும் சொன்னது அல்ல. ராபர்ட் பிளஸ்ட் என்ற மொழி அறிஞர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசும் மக்களிடம் இந்தத் தடை இருப்பதைக் காட்டினார். ஆகவே பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பெரியதைக் கண்டால் பணிவு வேண்டும் என்று நினைத்தவர்கள் சொல்லி வந்த பழக்கமாக அதை நான் நினைக்கிறேன். பணிவு இருக்கட்டும். பயம் போகட்டும்.

ஒரு குடம் தண்ணீர் போதும்

மறுநாள் மாலை அந்தச் சிறுவனை எங்கள் வீட்டு முற்றத்துக்கு அழைத்தேன். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்து, தண்ணீரைச் சாரலாகத் தூவினேன். முருங்கை மரத்தின் நிழலுக்கு முன்னால் ஒரு குட்டி வானவில்!

அவன் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது.

ஐரிஸ் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "அந்தத் தேவதை நிஜமா, மாமா?" என்றான்.

"தேவதை கதை. வானவில் நிஜம்" என்றேன்.

"அப்பா பெயர் வியப்பு என்றீர்களே?"

"அது கதையிலும் நிஜம், வெளியிலும் நிஜம்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டிக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர், "இதற்குக் குழாய் எதற்கு? நாங்கள் சிறு வயதில் வாயில் தண்ணீரை வைத்து ஊதுவோம்" என்றார். ஒரு வாய் தண்ணீரை எடுத்து "ப்பூ" என்று ஊதினார். பொடிப் பொடியாகச் சிதறிய துளிகளில் நிறங்கள் மின்னி மறைந்தன.

"பார்த்தாயா, அதோ!" என்று விரலை நீட்டிக் காட்டினார் பாட்டி!

தாய்மார்களே, தந்தைமார்களே! அடுத்த முறை மழை விட்டு வெயில் அடிக்கும்போது, அடுப்பு வேலையையும் கைபேசியையும் ஐந்து நிமிடம் தள்ளி வையுங்கள். பிள்ளைகளை அழைத்துக் கொண்டு வெளியே வாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எத்தனை நிறம் என்று அவர்களே எண்ணட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "தெரியவில்லை, சேர்ந்து பார்க்கலாம் வா" என்று சொல்லுங்கள்.

பிள்ளையின் விரல் வானத்தை நோக்கி நீளும்போது, தயவு செய்து அதை மடக்காதீர்கள்.